துணி மூடிய இடத்தில் மட்டும்

பதினேழு பெண்களின் உடம்பை ஓசாங் ஒரே நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். ஓவியம் என்று சொல்லிவிட முடியாது. தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு பூசணிக்காய், கைகால்களுக்கு நாலு கோடு. ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே பெயர் எழுதி, தடிப்பு கண்ட இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்திருந்தாள். பதினேழையும் மேசைமேல் விரித்துப் போட்டுப் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அத்தனை படத்திலும் முகம் சுத்தம். கை மணிக்கட்டுக்குக் கீழே சுத்தம். பாதம் சுத்தம். கழுத்துப் பட்டிக்குக் கீழே ஆரம்பித்து மார்பு, முதுகு, அக்குள், இடுப்பு, தொடை வரைக்கும் சிவப்பு மழை பெய்திருந்தது.

காபுலான் தீவில் சுகாதாரத் தொண்டராகப் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் அவள். என்ன கடித்தது என்று கடிபட்டவனைக் கேட்க மாட்டாள். தோலைப் பார்த்து அவளே சொல்லிவிடுவாள். கொசு திறந்த தோலில் இஷ்டத்துக்கு உட்காரும். மணல் ஈ கணுக்காலைத் தாண்டி மேலே வராது. மூட்டைப்பூச்சி வரிசையாக மூன்று வாய் வைத்துவிட்டு நகரும். பூரான் இரண்டு பொட்டு வைக்கும். இழுதுமீன் என்கிற ஜெல்லிமீனின் விழுது பட்டால் சாட்டையால் அடித்த தழும்பு. கல்மீன் முள் குத்தினால் ஒரே துளைதான், ஆனால் ஆள் மண்ணில் புரண்டு கத்துவான். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து அந்தக் காலை அதில் அமுக்கிப் பிடித்தால் கத்தல் அடங்கும். முந்தின வருடம் அப்படி ஒருவனை அடக்கியதற்காகப் பெரிய ஊர் மருத்துவரே அவளைப் பேர் சொல்லிப் பாராட்டினார். அதை ஓசாங் யாரிடமும் பெருமையடித்துக்கொண்டதில்லை. யாராவது மறந்துவிட்டால் மட்டும் நினைவுபடுத்துவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இது பிடிபடவில்லை. வெளியே தெரிகிற தோலை எல்லாம் விட்டுவிட்டு, மெனக்கெட்டுச் சட்டைக்குள் புகுந்து கடிக்கிற பூச்சி எது?

பிடிபடாமல் இருந்தாலும் பரவாயில்லை, அவகாசம் இருந்தால். அவகாசம் இல்லை. ஒரு வாரத்துக்கு முன் பெரிய ஊரிலிருந்து வந்த செவிலியர் மிஸ் லுமாபாஸ், ஆறு பெண்களைப் பார்த்துவிட்டு, "சிரங்கு" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். எல்லோருக்கும் ஒரு களிம்பு கொடுத்து, அடுத்த வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் போன படகு கரை தொட்டதோ இல்லையோ, அந்தச் சொல்லும் கரையேறி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை பொன்சியாவின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது.

பொன்சியா அந்தத் தீவின் கடற்பாசிப் பெண்களுக்குத் தலைவி. நோட்டில் இருந்த பதினேழு பேரும் கடலில் பாசி வளர்க்கும் இவர்கள்தான். பன்னிரண்டு வருடமாகப் பெரிய ஊர்த் திருவிழா விருந்தில் முதல் தட்டு அவர்களுடையது. தாங்களே வளர்த்த பாசியை வெந்நீரில் முக்கி எடுத்து, கள் புளித்துக் கிடைக்கும் காடியும் இஞ்சியும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்த பச்சடி. அது மேசைக்கு வந்த பிறகுதான் வறுத்த பன்றிக்கே கத்தி வைப்பார்கள். இந்த ஞாயிறு மறுபடி திருவிழா.

பாசிக் கொட்டகையில் பெண்கள் தரையில் உட்கார்ந்து கயிற்றில் நாற்றுப் பாசி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓசாங் உள்ளே நுழைந்ததும் பொன்சியா கைபேசியை நீட்டினாள். ஓசாங்கின் மகனுக்கு ஞானத்தாய் பொன்சியா. அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"படி, மாரே. சத்தமாப் படி. இவளுங்களும் கேக்கட்டும்."

ஓசாங் படித்தாள். இந்த வருடம் காபுலான் சகோதரிகள் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும். பச்சடி வேறு ஊரிலிருந்து வரும். விரைவில் நலம் பெறப் பிரார்த்திக்கிறோம். விருந்துக் குழு.

"ஓய்வாம்!" என்றாள் பொன்சியா. "என் கல்யாணத்தன்னிக்குக்கூட மத்தியானம் வரைக்கும் பாசி கட்டினவ நான். இவங்க எனக்கு ஓய்வு குடுக்கறாங்க. அழுக்குப் பிடிச்சவளுங்கன்னு நேராச் சொல்ல வேண்டியதுதானே."

"சிரங்கு அழுக்குனால வர்றதில்ல, மாரே. சிரங்குப் பூச்சி யாரு மேலயும் ஏறும்."

"அதை ஊருக்குப் போய்ச் சொல்லு. என் கையில சமைச்சதைச் சாப்பிட மாட்டேன்னு இதுவரைக்கும் ஒரு மனுஷன் சொன்னதில்ல. அதிகமாப் போடலன்னு சண்டை போட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி முதுகைக் கொட்டகைத் தூணில் தேய்த்துக்கொண்டாள். பொன்சியா அவளை முறைத்தாள். அவள் தூணைவிட்டு நகர்ந்தாள்.

"சிரங்குதானா?" என்று பொன்சியா தணிந்த குரலில் கேட்டாள். "நீ சொல்லு. நீ சொன்னா நான் வாயை மூடிக்கிறேன்."

ஓசாங் அவள் கையை வாங்கி விரல்களைப் பிரித்தாள். விரலிடுக்கில் ஒன்றுமில்லை. சிரங்குப் பூச்சிக்கு விரலிடுக்கென்றால் உயிர். அங்கேதான் முதலில் வளை தோண்டும். அப்புறம், ஒரே பாயில் படுக்கிறவர்களை அது விடாது. இந்தப் பதினேழு பேரின் புருஷன்மாரில் ஒருவருக்கும் அரிப்பு இல்லை என்று கேள்வி. களிம்பு தடவி ஒரு வாரம் ஆகியும் தினம் புதுத் தடிப்பு கிளம்புகிறது. இதெல்லாம் சிரங்கு இல்லை என்று சொல்கின்றன. ஆனால் இது இன்னது என்று எதுவும் சொல்லவில்லை.

"சிரங்கு இல்ல," என்றாள் ஓசாங்.

"அப்புறம் என்ன?"

"தெரியல."

"வியாழக்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்கோ," என்றாள் பொன்சியா. "அந்தம்மா வர்றப்ப 'தெரியல'ன்னு சொன்னா, அவங்க எழுதினதுதான் நிக்கும்."

கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது குலாஸ் எதிரே வந்தான். தென்னை ஏறிக் கள் இறக்குவது காலையில் அவன் வேலை; பகலில் கடலுக்குள் மூழ்கிப் பாசிக் கயிற்றுக்கு முளை அடிப்பான். சட்டை என்ற ஒன்றை அவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போடுவான்.

"என்னக்கா, சிரங்குத் தீவுன்னு பேர் மாத்திட்டாங்களாமே? படகுத்துறையில போர்டு எழுதி வைக்கவா?"

"எழுது. கீழ உன் பேரையும் போடு."

"எனக்கெதுக்கு? நான் காத்து வாங்குற ஆளு. இவளுங்கதான் வெயில் படும், கறுத்துடுவேன்னு கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் நீளக்கை பனியனும் இறுக்கக் கால்சட்டையும் மாட்டிட்டு இறங்குறாங்க. கழட்டிப் போட்டு என்னை மாதிரி இறங்கச் சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்."

சொல்லிக்கொண்டே அவன் கை தன்னால் இடுப்புக்குப் போனது. கால்சட்டை ரப்பருக்குள் கட்டைவிரலை விட்டுச் சொறிந்தான். சட்டென்று நிறுத்தினான். ஓசாங் பார்த்துவிட்டாள்.

"ரப்பரை இறக்கு."

"அக்கா! நடுத்தெருவுல!"

"ரெண்டு விரக்கடை இறக்குடா. உன்னைப் பிறந்த மேனியாப் பார்த்தவ நான். உனக்குத் தொப்புள்கொடி அறுத்தது எங்கம்மா."

குலாஸ் இரண்டு விரற்கடை இறக்கினான். இடுப்பைச் சுற்றி ஒரு வளையம். ரப்பர் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்குச் சிவப்புப் புள்ளிகள், அளவெடுத்துக் கட்டிய அரைஞாண் மாதிரி. மேலே மார்பும் முதுகும் பளபளவென்று இருந்தன.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம். வெளிய சொல்லாதீங்க. இவளுங்க என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க."

ஓசாங் நின்ற இடத்திலேயே நோட்டைத் திறந்து பதினெட்டாவது பூசணிக்காயை வரைந்தாள். அதன் நடுவே ஒரு வளையம் போட்டாள். ஆக, பெண்ணைத் தேடிப் பிடிக்கிற வியாதி இல்லை இது. துணியைத் தேடுகிறது, அதிலும் துணி எங்கே இறுக்கிப் பிடிக்கிறதோ அங்கேதான் அதிகம்.

துணிதான் என்று நிச்சயம் செய்கிற ஒரு சங்கதி அன்று மத்தியானமே நடந்தது, ஆனால் அது ஓசாங்குக்கு எதிராகத் திரும்பியது. பொன்சியாவின் மகள் மெல்பா ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு மாதமாகக் கடல் பக்கமே போகாதவள். அவள் மார்பைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து நின்றாள். தோள், அக்குள், வயிற்றின் மேல்பாகம் எங்கும் அதே தடிப்பு.

"என் சட்டை எதுவும் பத்தல. அம்மாவோட பனியன் கொடியில காஞ்சுட்டு இருந்துச்சு, பெருசா இருக்கேன்னு நேத்து எடுத்துப் போட்டுக்கிட்டேன். வேலை செஞ்சு வேர்த்ததும் குத்த ஆரம்பிச்சுது."

ஓசாங் பெரிய ஊருக்குப் போன் போட்டாள். மிஸ் லுமாபாஸ் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பார்த்தீங்களா, ஓசாங்? துணி வழியாப் பரவுது. சிரங்கு அப்படித்தானே பரவும்?" என்றார். ஓசாங் போனை வைத்தாள். கையில் கிடைத்த நல்ல சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் படகுகள் திரும்பிய நேரம் அவள் குழாயடியில் போய் உட்கார்ந்தாள்.

அந்தக் குழாய் காபுலானின் கௌரவம். தீவில் முன்பு இருந்தது ஒரே கிணறு, அதன் தண்ணீர் பாதி கடல். இந்த ஜனவரியில்தான் பெரிய தீவிலிருந்து கடலடியில் குழாய் போட்டு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். நாடா வெட்டினார்கள். பாதிரியார் மந்திரித்தார். அதிலிருந்து பாசிப் பெண்கள் படகைவிட்டு இறங்கினால் நேரே குழாய்க்குத்தான் வருவார்கள். நட்டநடு ஊரில் இருக்கிற குழாய், சுற்றிலும் பந்து விளையாடும் ஆண்கள். ஆனாலும் காபுலான் பெண் குளிக்கும்போது அவள் தோள்பட்டையைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடியவன் ஒருவனும் இல்லை. உடுத்திய துணியோடு நின்று, துணிமேலேயே தண்ணீரை ஊற்றி, உள்ளே கைவிட்டுச் சோப்புப் போட்டு, மறுபடி ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். அவ்வளவு நறுவிசு.

பொன்சியா முதல் வாளித் தண்ணீரை மார்பில் ஊற்றினாள். ஊற்றியவள் பல்லைக் கடித்தாள்.

"என்ன, மாரே?"

"ஒண்ணுமில்ல. ஆரம்பிச்சிடுச்சு, சனியன்."

ஓசாங் எழுந்து நின்றாள். இரண்டு வாரமாக எல்லோரிடமும் அவள் 'எங்கே' என்று கேட்டிருக்கிறாள். 'எப்போது' என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

"இப்பத்தான் ஆரம்பிச்சுதா? கடல்ல இல்லையா? படகுல?"

"கடல்ல லேசாக் கிச்சுகிச்சு மூட்டும். படகுல உக்காந்து அழுந்துற எடத்துல ஒண்ணு ரெண்டு குத்து. இங்க வந்து தண்ணி ஊத்தினதும்தான் ஊசி ஊசியா இறங்கும்."

"எனக்கும்," என்றாள் பக்கத்தில் நின்றவள். "எனக்கும் அப்படித்தான்," என்றாள் மூன்றாமவள்.

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"நல்ல தண்ணி பட்டா எரியுதுன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க?" என்றாள் பொன்சியா. "இருபது வருஷம் கேட்டு வாங்கின தண்ணி."

ஓசாங் அவள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினாள். "யாரும் ஊத்தாதீங்க. இன்னும் ஊத்தாதவ யாரு? உன் பனியன் எனக்கு வேணும். வீட்டுக்குப் போய்க் கழட்டிட்டு, பிழியாம, அலசாம அப்படியே கொண்டு வா."

வந்த பனியனை அவள் தன் வீட்டு முன்னால் வைத்து, சமையல் வேலைக்குப் பயன்படும் கறுப்பு வாணலியில் ஒரு பக்கத்தை மட்டும் மெல்லப் பிழிந்தாள். கலங்கல் தண்ணீர். அடியில், கறுப்புக்கு மேலே, பொடித்த மிளகு மாதிரி பழுப்புத் துகள்கள். மணல் என்றால் விரலில் நெருடும். இவை வழுக்கின. வேடிக்கை பார்க்க வந்த குலாஸ் குனிந்து பார்த்தான். பார்த்தவன் சிரித்தான்.

"இது தொப்பிக்காரனோட பிள்ளைங்கக்கா."

"யாரு தொப்பிக்காரன்?"

"தையல்காரன் விரல்ல மாட்டுவானே, அந்தத் தொப்பி அளவுல இழுதுமீன். மார்ச்சுல கடல் பூராக் கூட்டம் கூட்டமா மிதந்துச்சே. அது செத்துப் போச்சுன்னா ஒரு மாசம் தண்ணி தூசி தூசியா இருக்கும். முழுகறப்ப கண்ணு முன்னால நிக்கும். அதுங்களோட குஞ்சுங்கதான்னு எங்கப்பன் சொல்லுவான்."

ஓசாங்குக்குப் பூட்டுத் திறந்தது. இழுதுமீனின் தோலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சிமிழ்கள். ஒவ்வொரு சிமிழுக்குள்ளும் சுருட்டி வைத்த ஒரு நஞ்சு ஊசி. அமுக்கினால் சிமிழ் வெடித்து ஊசி பாயும். உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த சிமிழ் அது. நல்ல தண்ணீர் பட்டால், ஊறப்போட்ட பயறு தோலைக் கிழித்துக்கொள்வது போல, உப்பி வெடிக்கும். வெறுந்தோலில் பட்ட குஞ்சு வழுக்கிக்கொண்டு போய்விடும். துணிக்குள் மாட்டிய குஞ்சு எங்கே போகும்? சல்லடையில் மாட்டிய தவிடு மாதிரி தோலோடு ஒட்டிக் கிடக்கும். அதன்மேல் மடமடவென்று நல்ல தண்ணீர் ஊற்றினால் அத்தனை சிமிழும் ஒரே நேரத்தில் வெடிக்கும். காய்ந்த பிறகும் சிமிழ் சாகாது. மெல்பாவின் வியர்வை போதும். முன்பெல்லாம் உப்புக் கிணற்றில் குளித்தார்கள், ஏப்ரலில் கொஞ்சம் அரித்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. இந்த வருடம்தான் குழாய்.

இது எல்லாம் நினைப்புதான். நினைப்பைக் கொண்டுபோய் ஒரு செவிலியரின் எழுத்துக்கு எதிரே நிறுத்த முடியாது.

"குலாஸு, காடி இருக்கா?"

"என்னக்கா கேள்வி? விக்காத கள்ளெல்லாம் காடிதானே."

விழுது பட்ட தழும்புக்கு அந்தத் தீவில் எல்லோரும் காடி ஊற்றுவார்கள். வெடிக்காமல் மிச்சம் இருக்கிற சிமிழைக் காடி அப்படியே முடக்கிவிடும். ஓசாங் அதே பனியனின் இரண்டு கைகளையும் கத்தரித்தாள். இரண்டையும் தன் இரண்டு முன்கைகளிலும் இறுக்கிச் சுற்றினாள். இடது கையில் குழாய்த் தண்ணீரை ஊற்றச் சொன்னாள். நூறு எண்ணுவதற்குள் "ஸ்ஸ்" என்றாள். வலது கையில் முதலில் காடி, நூறு எண்ணிக்கை, பிறகு அதே குழாய்த் தண்ணீர். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றுமில்லை.

"பனியன் போச்சு," என்றாள் அதன் சொந்தக்காரி.

"உன் பனியன் திருவிழாவுக்குப் போகுதுடி, சும்மா இரு," என்றாள் பொன்சியா.

புதன்கிழமை காலை இடது முன்கையில் முப்பத்தொரு தடிப்பு. வலது கையில் இரண்டு. மெல்பா, தன் வீங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் மூன்று தரம் எண்ணினாள். பதினேழு பெண்களும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், யாருக்கோ குழந்தை பிறந்ததைப் பார்க்க வருகிற மாதிரி.

வியாழக்கிழமை மிஸ் லுமாபாஸ் படகிலிருந்து இறங்கியபோது பெண்கள் எல்லோரும் துறையில் நின்றார்கள். அவர் கொஞ்சம் பயந்துவிட்டார்.

"களிம்பு தடவினீங்களா?"

"தடவினோம், மிஸ்," என்றாள் பொன்சியா. "வழவழன்னு ஆயிட்டோம். சிரங்குதான் கிடைக்கல."

ஓசாங் நோட்டைத் திறந்து காட்டினாள். விரலிடுக்கைக் காட்டினாள். குலாஸின் வளையத்தை, அவன் எவ்வளவோ கெஞ்சியும், எல்லோர் முன்னாலும் காட்டினாள். கடைசியில் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். செவிலியர் சிறு வயதுக்காரர். இருந்தாலும் அவசரப்பட்டுத் தலையாட்டுகிறவர் இல்லை. சிரங்கு வளையைத் தேடுவதற்காகப் பையில் வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். வாணலித் துகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுங்க நகருது," என்றார். "உயிரோட இருக்கு."

"இன்னிக்குக் காலையில பிழிஞ்சது, மிஸ்."

மிஸ் லுமாபாஸ் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். சட்டைக் கையைச் சுருட்டினார். "எனக்கும் சுத்துங்க. ரெண்டு கையிலயும்."

"மிஸ், மூணு நாளைக்கு அரிக்கும்," என்றாள் ஓசாங்.

"நான் எழுதினதை நானே அடிக்கணும்னா, நானே பார்த்துட்டுத்தான் அடிப்பேன்."

சுற்றினார்கள். இடது கையில் பொன்சியாவே தண்ணீர் ஊற்றினாள். ஒரு வாரக் கோபத்தையும் சேர்த்து ஊற்றினாள். செவிலியர் எண்பது எண்ணும்போது முகத்தைச் சுளித்து, தொண்ணூறில் "போதும், போதும், தாயே!" என்று கையை உதறினார். கூட்டம் ஓவென்று சிரித்தது. காடி ஊற்றிய கை அமைதியாக இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையைக் காடியில் முக்கியபடியே, வலது கையால் பழைய தாளில் இருந்த "சிரங்கு" என்ற சொல்லின்மேல் இரண்டு கோடு போட்டார். "இழுதுமீன் குஞ்சு. ஒட்டாது, பரவாது. சமைக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதை அங்கேயே படமெடுத்து விருந்துக் குழுவுக்கு அனுப்பினார்.

"கண்டுபிடிச்சது யாருன்னு போடலையே, மிஸ்," என்றாள் பொன்சியா.

அவர் தாளை மறுபடி விரித்து, ஓசாங்கின் முழுப் பெயரையும் கேட்டு, கௌதியோசா என்று எழுத்துப் பிழையில்லாமல் எழுதினார். எல்லோரும் ஓசாங்கைப் பார்த்தார்கள். ஓசாங் வாணலியைக் கழுவ ஆரம்பித்தாள். ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் குலாஸ் படகுத்துறை ஓரத்தில் தென்னோலையால் ஆளுயர மறைப்பு ஒன்று கட்டிவிட்டான். உள்ளே கடல்தண்ணீருக்கு ஒரு பீப்பாய், காடிக்கு ஒரு ஜாடி. பெண்களின் வசவு நின்றால் போதும் என்றுதான் கட்டியதாகச் சொன்னான்; முதல் ஆளாக உள்ளே போனதும் அவன்தான். வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேரில் புதுத் தடிப்பு ஒருத்திக்குத்தான் வந்தது. அவள் அவசரத்தில் பழைய பழக்கமாகக் குழாய்க்குப் போனவள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஊர் மண்டபத்தில் காபுலான் பச்சடி முதல் மேசையில், நடுவில் இருந்தது. குழுத் தலைவர் தானே வந்து தட்டை நீட்டினார். பொன்சியா அவருக்கு இரண்டு கரண்டி குறைவாக வைத்தாள். அவர் இன்னும் கொஞ்சம் என்று கேட்கும்வரை கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். கேட்ட பிறகு தட்டு நிறைய வைத்தாள்.

அப்போது பக்கத்துத் தீவுப் பாசிக்காரி ஒருத்தி, பூப்போட்ட ரவிக்கைக்குள் கைவிட்டு மறைவாகச் சொறிந்துகொண்டே வரிசையில் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளும் சொறிந்துகொண்டு. முதலில் வந்தவள் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, உங்க ஊர்லயும் இதுதான்னு கேள்விப்பட்டேன். எங்கள்ல பன்னெண்டு பேருக்கு வெளிய சொல்ல வெக்கம். என்ன பண்ணினீங்க?"

"வெக்கம் எதுக்குடி? நிமிர்ந்து நில்லு," என்றாள் பொன்சியா, மண்டபம் பூராவும் கேட்கும் குரலில். கரண்டியால் ஓசாங்கைக் காட்டினாள். "இவ எங்க தீவு. இவ கண்டுபிடிச்சது. நீ சொல்றியா மாரே, நான் சொல்லவா?"

"நீயே சொல்லு," என்றாள் ஓசாங். தப்பாகச் சொன்னால் திருத்தலாம் என்று அருகில் போய் நின்றாள். திருத்த வேண்டியிருக்கவில்லை.

"கேளு. கடல்லேர்ந்து ஏறினதும் குழாய்ப் பக்கம் போகாத. ஒரு மறைப்புக்குள்ள போய் ஈரத்துணி அத்தனையும் முதல்ல கழட்டு. கடல் தண்ணியில உடம்பை அலசு, தேய்க்காத. மேலெல்லாம் காடி ஊத்தி நூறு எண்ணு. அதுக்கப்புறம்தான் நல்ல தண்ணி, சோப்பு. கழட்டின துணியக் காடியில ஊறப் போட்டு, கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்து, காய வச்சுத்தான் மறுபடி போடணும். அரிப்புக்கு மாத்திரை இருக்கு, சொறியாத. யாருக்காவது காய்ச்சல் வந்தா, மூச்சு முட்டினா, காடியை நம்பிட்டு உக்காராம உடனே படகேத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா."